நாலாம் நம்பர் ஏரியா

உலகத்தில் எல்லோரும் திருடர்கள்தான். ஆனால் யாரும் எல்லா இடத்திலும் திருடர் அல்லர். கோயமுத்தூரில் இந்த உண்மையைக் கண்டுபிடித்து அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்ட ஒரே மனிதர் ஏரியா பாய். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

"உங்க ரூமுக்குள்ள நீங்க ஆபீசருங்க. அந்தக் கதவைத் தாண்டி அடுத்த ஏரியாவுல கால் வெச்சா நீங்க திருடனுங்க. மிசினுக்கு அவ்வளவுதானுங்க தெரியும்" என்று என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார். என் பணிக்காலத்தில் என்னைத் திருடன் என்று சொன்னவர்கள் உண்டு. இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் முற்பாதி அது. டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், ஜனங்கள் ரேடியோ கேட்பதைக் குறைத்துக்கொண்டதும் திருட்டு அலாரத்துக்கு மாறிவிட்டார். பழைய மொபெட், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மடக்கு ஏணி, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், காதில் ஒரு சாக்பீஸ். ஒரு அறைக்குள் நுழைந்தால் ஆளைப் பார்க்கமாட்டார். கூரையின் மூலைகளைத்தான் பார்ப்பார். பழகி ஒரு வருஷம் கழித்துக்கூட என்னைக் கடைத்தெருவில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் அறையின் ஜன்னலைப் பற்றிச் சொன்ன பிறகுதான், "அட, அந்தத் துருப்பிடிச்ச கொக்கி சாருங்களா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்றவர்கள் அலாரம் மாட்டினால் வீடு முழுக்க ஒரே மணி அடிக்கும். பாய் அதை ஏற்கமாட்டார். ஒரு கட்டடத்தைக் கண்டால் அதை ஏரியா ஏரியாவாகப் பிரித்தாக வேண்டும். ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனி ரகசிய நம்பர்; அதை அழுத்தித் திறக்காமல் உள்ளே கால் வைத்தால் மணி அடிக்கும். ஒன்றை மூடலாம், மற்றொன்றைத் திறந்து வைத்துப் புழங்கலாம். இந்தக் கலையை அவர் முதலில் பரீட்சித்தது தம் வீட்டில். அடுப்படி மனைவியின் ஏரியா. அந்த நம்பரை அவர் கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. ராத்திரியில் தாகம் எடுத்தால் தெருக்குழாய்க்குப் போய்க் குடித்துவிட்டு வருவார் என்று கேள்வி.

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இவர் செய்த வேலையை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். நகை இருக்கிறதே என்று பெண் வீட்டார் அறையை ஒரு ஏரியா, மாப்பிள்ளை வீட்டார் அறையை ஒரு ஏரியா, சமையல் கட்டை ஒரு ஏரியா ஆக்கினார். நல்ல ஏற்பாடுதான். மாப்பிள்ளைப் பையனுக்குப் பெண்ணிடம் ஏதோ அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. சைரன் கேட்டு இரண்டு வீட்டாரும் சமையல்காரரும் கரண்டியுடன் ஓடிவந்து பார்த்தபோது, மாப்பிள்ளை கதவோரம் சுவரோடு சுவராக நின்றிருந்தார். பாய்க்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, பட்டு வேட்டி கட்டியிருந்தாலும் புடிச்சிருச்சு."

இப்படிப்பட்டவரை எங்கள் கம்பெனிக்குக் கூட்டிவந்தது நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் நிர்வாக அதிகாரி. அண்ணன் தம்பி இரண்டு பேர் முதலாளிகள். பெரியவர், சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் பகுதி பெரியவர் பொறுப்பு. பம்ப் பகுதி சின்னவர் பொறுப்பு. பம்ப் இல்லாத மோட்டார் சும்மா சுற்றும்; மோட்டார் இல்லாத பம்ப் சும்மா கிடக்கும். இவர்களைப் பிரிக்கவே முடியாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒரு செயின் பிளாக் பிரித்துவிட்டது.

செயின் பிளாக் என்பது கனமான சாமானைச் சங்கிலி போட்டுத் தூக்கும் கருவி. கம்பெனியில் ஒன்றுதான் இருந்தது. அண்ணன் பகுதியில் தேடும்போது தம்பி பகுதியில் இருக்கும். தம்பி தேடும்போது அண்ணனிடம் இருக்கும். வேறு ஊராக இருந்தால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து மறுநாள் சேர்ந்திருப்பார்கள். நம் ஊரில் சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும்; அதனால் முடிவதே இல்லை. "தம்பி பக்கம் அதுக்குக் கால் மொளச்சுப் போயிருக்குமுங்க" என்று பெரியவர் என்னிடம் சொல்வார். "அண்ணன் ஊட்டுச் சொத்துன்னு நெனச்சிருப்பாருங்க, தப்பில்லீங்க" என்று சின்னவர் என்னிடம் சொல்வார். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவது நின்று போயிற்று. சாப்பாட்டு நேரத்தைக்கூட வேறு வேறாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பட்டறைக்கு நடுவில் சுவர் எழுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. லாரியில் செங்கல் வந்து வாசலில் இறங்கியது. விஜயதசமி முடிந்த மறுநாள் கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

சுவர் வந்தால் கம்பெனி இரண்டு. கம்பெனி இரண்டானால் பம்ப்பையும் மோட்டாரையும் யார் இணைப்பது, யார் விற்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்பதையும் யோசிக்கவில்லை; அதை நான் மட்டும் யோசித்தேன். சுவரை ஒத்திப்போட ஏதாவது வழி வேண்டும். நான் பெரியவரிடம் போய், சுவர் இல்லாமலே அவரவர் இடத்தை அவரவர் பூட்டிக்கொள்ள ஒரு மிஷின் இருக்கிறது என்றேன். சின்னவரிடமும் அதையே சொன்னேன். ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்போம், சரிப்பட்டு வராவிட்டால் செங்கல் இருக்கவே இருக்கிறது என்று இருவரும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னார்கள்.

பாய் வந்தார். பட்டறை முழுக்கச் சாக்பீஸால் கோடு போட்டார். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "நீங்க எந்த ஏரியாவுங்க?" என்று கேட்டார். ஜாதி கேட்கிறாரோ என்று சிலர் மிரண்டார்கள். மோட்டார் பகுதி ஒன்றாம் நம்பர் ஏரியா. பம்ப் பகுதி இரண்டு. என் ஆபீஸ் மூன்று. மிச்சம் இருந்தது நடுக்கூடம். வாசல் வழி, சாமி படம், தண்ணீர்ப் பானை, மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் மேஜை எல்லாம் அங்கேதான். அது யாருடையது என்று அண்ணன் தம்பி இருவருமே சொல்லவில்லை.

பாய் யோசித்துவிட்டு, "நிக்காஹ் நடக்கற எடம் ரெண்டு ஊட்டுக்கும் பொதுங்க" என்று அதை நாலாம் நம்பர் ஏரியா ஆக்கினார்.

இங்கேதான் என் மூளை குழம்ப ஆரம்பித்தது. நாலாம் ஏரியாவுக்குத் தனி ரகசிய நம்பர் கிடையாது. மற்ற மூன்றில் எது திறந்தாலும் அது தானாகத் திறந்துகொள்ளும். மூன்றும் மூடினால்தான், வெளியே போகக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு, அது தானாக மூடிக்கொள்ளும். அதாவது கடைசியாகப் போகிறவர் எவரோ அவர் அதையும் பூட்டிவிட்டுப் போகிறார், ஆனால் தாம்தான் கடைசி என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. முதலில் வருகிறவர் அதையும் திறக்கிறார், ஆனால் தம் ஏரியாவை மட்டும்தான் திறந்ததாக நினைத்துக்கொள்வார். நான் சட்டமும் படித்தவன். சர்வீஸ் விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இதை ஒரு சுற்றறிக்கையாக எழுதி ஒட்டினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே புரியவில்லை. பணியாளர்கள் எல்லோரும் படித்துவிட்டு நன்றாகப் புரிகிறது என்றார்கள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

முதல் வாரமே சைரன் அடித்தது. சின்னவர் பகுதி டர்னர் ஒருவர், நல்ல மனசோடு, செயின் பிளாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவர் பகுதியில் திருப்பி வைக்கப் போனார். பெரியவர் ஆட்கள் சாப்பாட்டுக்குப் போகையில் ஒன்றாம் ஏரியாவை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே கூடிவிட்டது. திருப்பிக் கொடுப்பதற்கும் அடிக்குமா என்று பெரியவர் பாயிடம் கேட்டார்.

"எடுக்கறதுக்கும் குடுக்கறதுக்கும் மிசினுக்கு வித்தியாசம் தெரியாதுங்க. ஆளு நடந்தா அடிக்கும். மனசெல்லாம் பாக்காதுங்க."

அதற்கடுத்த வாரம் சைரன் அடிக்கவே இல்லை. சந்தோஷப்பட்டேன். பாய் சந்தேகப்பட்டார். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பெரியவர் தம் நம்பரை ஃபோர்மேனிடம் சொன்னார், அது முறை. ஃபோர்மேன் வாட்ச்மேனிடம் சொன்னார். தன்னிடம் மறைத்தார்கள் என்று வயசான மனுஷன் மனம் நொந்துவிடக் கூடாதல்லவா. வாட்ச்மேன், இத்தனை நாளாக டீ கொண்டுவரும் சரசக்காவிடம் சொல்லாமல் இருப்பது எப்படி என்று சொல்லிவிட்டார். சின்னவர் நம்பரும் இதே பாதையில் சரசக்காவிடம் வந்து சேர்ந்தது. யாராவது நம்பரை மறந்துவிட்டால் டீக்காகக் காத்திருப்பது வழக்கமாகியிருந்தது.

நம் ஜனங்களுக்கு ஒரு கதவைப் பூட்டத் தெரியும். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்து, உனக்குச் சாவி இல்லை என்று சொல்லத் தெரியாது. இதைப் பாய்க்கு விளக்கினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, இப்படி மரியாதை பாத்தா நான் எப்படிங்க தொழில் பண்றது? திருடன் வந்தாலும் அவனுக்கும் ஒரு நம்பர் குடுத்துப்போடுவீங்களாட்ட இருக்குது."

நம்பர்களை மாற்றச் சொன்னார். இந்த முறை முதலாளிகளே நேரில் வந்து, யாருக்கும் தெரியாமல் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வாசலோரம் நடுக்கூடத்தில்தான் அந்த நம்பர் பெட்டி இருந்தது. அவர்கள் பொத்தானை அழுத்தும்போது பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவரிடம் ஒரு விரதம் இருந்தது: தாம் மாட்டிய அலாரம் எதன் நம்பரும் தமக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தாமும் அந்த ஏரியாவுக்குள் நுழைந்தவர் ஆகிவிடுவாராம்.

பெரியவர் நம்பர் போட்டுவிட்டு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். நம்பரை என் காதில் சொன்னார்.

"தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க. ஒரு ஆத்திர அவசரம்னா என்ன பண்ணுவான். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அவர் போன சற்று நேரத்தில் சின்னவர் வந்தார். அவரும் கதவைச் சாத்தினார். அவரும் தம் நம்பரைச் சொன்னார். அண்ணனுக்குத் தெரிந்திருக்கட்டும், ஆனால் தாம் கொடுத்ததாகத் தெரிய வேண்டாம் என்றார். நான் இரண்டு பக்கமும் போய்ச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று இருவரும் கேட்டார்கள். நிர்வாக அதிகாரிக்கு எல்லாம் தெரியும் என்றேன். பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்ற அலாரம் வைத்து, அதன் நம்பரை ஒருவருக்கொருவர் ரகசியமாகக் கொடுத்தனுப்புகிறார்கள். நடுவில் இருந்த எனக்கு, யார் யாரிடமிருந்து எதைப் பாதுகாக்கிறார்கள் என்பது அடியோடு விளங்காமல் போயிற்று.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. செங்கல் வாசலில் அப்படியே இருந்தது.

அந்த வருஷம் பூஜையும் இரண்டு. பெரியவர் பகுதியில் ஒரு பூஜை, சின்னவர் பகுதியில் ஒரு பூஜை. ஐயர் ஒருவரே, சாக்பீஸ் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய் இரண்டையும் முடித்தார். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஆட்கள் ஏணி போட்டு ஏறி, மோட்டார் பகுதியிலும் பம்ப் பகுதியிலும் கூரை மூலையில் இருந்து ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார்களுக்கும் சந்தனம் அப்பிவிட்டார்கள். சந்தனம் அப்பினால் அது குருடாகிவிடும் என்று பொரி வாங்க வந்திருந்த பாய் முனகினார், ஆனால் தடுக்கவில்லை. அதுவும் ஆயுதம்தானே என்று யாரோ சொன்னதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்.

பூஜை முடிந்தால் மறுநாள் வரைக்கும் எந்த மிஷினையும் தொடக்கூடாது. ஆகவே ஒன்றாம் ஏரியாவை மூடிவிட்டுப் பெரியவர் ஆட்கள் பொரி வாங்க நடுக்கூடத்துக்கு வந்தார்கள். இரண்டாம் ஏரியாவை மூடிவிட்டுச் சின்னவர் ஆட்களும் வந்தார்கள். அண்ணன் அந்தக் கோடியிலும் தம்பி இந்தக் கோடியிலும் நின்றார்கள். விடுமுறைக்கு முன் ஆபீஸை மூட வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. நான் மூன்றாம் ஏரியாவை மூடினேன். அன்றைக்கு விதிப்படி நடந்தவன் நான் ஒருவன்தான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நான் நம்பர் பெட்டியை விட்டு நகர்ந்ததும் ஒரு ஃபிட்டர், ஐயோ இது ஒன்று விட்டுப்போயிற்றே என்று ஓடிவந்து அதற்கும் பொத்தான் தெரியாமல் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். மூன்று ஏரியாவும் மூடியாகிவிட்டது. நாலாவது தானாக மூடிக்கொண்டது. கம்பெனியே அதற்குள் நின்றது. ஏணிக்கு எட்டாததால் சந்தனம் பெறாமல் தப்பித்த நடுக்கூடத்துச் சென்சார், அத்தனை பேரையும் ஒரே பார்வையில் பார்த்தது.

கற்பூரம் காட்டிய கையோடு சைரன் அலறியது. தெய்வ சாந்நித்தியம் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மெயினை அணைத்தார்கள். சைரன் நிற்கவில்லை. கரண்ட் போனால் திருடன் போய்விடுவானா, பேட்டரி எதற்கு இருக்கிறது என்றார் பாய். நம்பர் போட்டால் நிற்கும் என்றேன். நானே போடலாம் என்று கையை நீட்டினேன். ஃபோர்மேன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பூசை போட்டதுங்க. தொட்டா வருசம் பூரா தொழில் ஓடாதுங்க." பார்த்தால், தொழிலாளர் அத்தனை பேர் முகத்திலும் அதே பயம். கையை எடுத்துக்கொண்டேன். யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. பாய் தொட்டால் தோஷமில்லையே என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பாய் பொரிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஏனுங்க, சின்ன வயசுலருந்து உங்க பூசைப் பொரி தின்னு வளந்தவன். நான் மட்டும் எப்படிங்க தொடுவேன்? அதுவுமில்லாம எனக்கு நம்பர் தெரியாதுங்க."

சைரன் ஓயவில்லை. பக்கத்து இரும்பு வார்ப்புப் பவுண்டரி ஆட்கள் மதில்மேல் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். இதுதான் உங்கள் மிஷினின் லட்சணமா என்று ஒருவர் கேட்டார். நாளை மறுநாள் கொத்தனார் வந்துவிடுவார், தொல்லை விட்டது என்றார் இன்னொருவர். பாய் முகம் செத்துப்போயிற்று. அவர் அப்போது கூரையைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நடந்து வந்தார். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். புது வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். முதலாளியே தொட்டபின் யார் என்ன சொல்ல முடியும். விரலை வைத்தவர் அப்படியே நின்றார். நெற்றியைத் தேய்த்தார். சைரன் கத்துகிற கத்தலில் ஒரு மனிதருக்கு எதுதான் ஞாபகம் வரும். அப்புறம் மளமளவென்று அழுத்தினார்.

சத்தம் நின்றது. பெட்டிமேல் இருந்த சின்ன விளக்கைப் பாய் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டாம் நம்பர் ஏரியா தொறந்திருக்குங்க" என்றார், தொழில் முறைப்படி.

இரண்டு யாருடையது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சின்னவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கண்ணா, அது என்ற நம்பருங்க."

"என்றது நெனப்புக்கு வரலை கண்ணு" என்றார் பெரியவர், சந்தனக் கையைப் பார்த்துக்கொண்டே. "உன்றதுதான் வந்துச்சு."

சின்னவர், "உங்களுது நான் சொல்லட்டுங்களா" என்று கேட்டு, அண்ணன் காதில் குனிந்து சொன்னார். பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். சின்னவரும் பார்த்தார். நான் வாழைக்கன்றைப் பார்த்தேன். வாசலில் உடைக்க வாங்கிய திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றுதான்; அதை யார் உடைப்பது என்று காலையிலிருந்து ஒரு பிரச்னை இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருமாகப் பிடித்து உடைத்தார்கள்.

கொத்தனார் சொன்னபடி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு செயின் பிளாக்கும் வாங்கினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. முதலாளிகளிடம் சொல்லவில்லை, அவர்களுக்கும் தோன்றியிருக்கும்.

அடுத்த வாரம் பாயைக் கூப்பிட்டு, ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒரே ஏரியாவாக்கிவிடச் சொன்னார்கள். ஒரு கட்டடத்தைப் பிரிக்கச் சொன்னால் சாப்பாட்டை மறப்பவர். சேர்க்கச் சொன்னால் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். உடனே ஏணியைப் போட்டு ஏறினார். சந்தனத்தைச் சுரண்டினார், ஒயரைப் பிரித்தார், சேர்த்தார், மூடியைப் போட்டு முடுக்கினார். முடுக்கிக்கொண்டே, கீழே பார்க்காமல், அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டார். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்றேன்.

அவர் அந்த ஸ்க்ரூவையே முடுக்கிக்கொண்டிருந்தார். அது எப்போதோ முடுக்கியாகிவிட்ட ஸ்க்ரூ. நிர்வாக அதிகாரி ஏணி பிடிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அவர் இறங்கி வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.